கல்யாணப் பத்திரிகை அச்சகமும் கொரோனாக் கால உதவிப் பணமும்

2020 மே கடைசியில் ஷட்டரைப் பாதி தூக்கிவைத்துக்கொண்டு நாங்கள் அச்சடித்த முதல் வேலை பத்திரிகை அல்ல, ஸ்டிக்கர். சித்திரையில் நடக்க வேண்டிய ஒரு கல்யாணத்துக்குப் பங்குனியிலேயே ஐந்நூறு பத்திரிகை அடித்துக் கொடுத்திருந்தோம். கல்யாணம் ஆவணிக்குத் தள்ளிப்போய்விட்டது. புதுப் பத்திரிகை அடிக்கப் பெண் வீட்டாரிடம் காசில்லை. "அண்ணே, தேதி இருக்கிற இடத்துல மட்டும் ஒட்டுற மாதிரி ஏதாவது போட்டுத் தாங்க" என்றார் பெண்ணின் தம்பி. வெள்ளை ஸ்டிக்கரில் அடித்து ஒட்டிப் பார்த்தால், பழைய தேதி அடியிலிருந்து மங்கலாகத் தெரிகிறது. மெஷின் ஓட்டும் அண்ணன் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், பின்னால் கெட்டியாக மஞ்சள் போட்டு அதன்மேல் எழுத்தை அடித்தார். பழைய தேதி மறைந்துவிட்டது. ஐந்நூறு ஸ்டிக்கருக்கு 400 ரூபாய். இரண்டு மாதத்துக்குப் பிறகு கல்லாவில் விழுந்த முதல் காசு அதுதான்.

மதுரை மேல மாசி வீதியை ஒட்டிய ஒரு சந்தில் இருக்கிறது எங்கள் அச்சகம். ஒரு மினி ஆப்செட், ஒரு கட்டிங் மெஷின், ஒரு கம்ப்யூட்டர், என்னைச் சேர்க்காமல் நாலு பேர். பங்குனி, சித்திரை, வைகாசி மூன்று மாதத்தில் சம்பாதிப்பதை வைத்துத்தான் வருஷத்தை ஓட்டுவோம். சரியாக அந்த மூன்று மாதமும் பூட்டு. அந்த வருஷம் மீனாட்சி திருக்கல்யாணமே பக்தர்கள் யாரும் இல்லாமல் மே 4-ஆம் தேதி நடந்து, நாங்கள் டிவியில் பார்த்தோம். அழகர் ஆற்றில் இறங்கவில்லை. சாமி கல்யாணத்துக்கே ஆள் இல்லை என்றால் மனிதர் கல்யாணத்துக்கு யார் பத்திரிகை அடிப்பார்கள்?

அந்த இரண்டு வருஷத்தில் அரசு அறிவித்த உதவிகளில் எது எங்கள் வீட்டுக்கும், அச்சகத்துக்கும், என்னோடு வேலை பார்த்தவர்கள் வீட்டுக்கும் வந்தது, எது வாசல் வரை வந்து திரும்பிப் போனது, ஏன் போனது என்பதை எழுதிவைக்க நினைத்தேன். யாரையும் குறை சொல்ல அல்ல. பாதித் தப்பு என்னுடையது.

ரேஷனிலிருந்தே தொடங்குகிறேன். 2020 மார்ச் 24 அன்று சட்டப்பேரவையில் அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி, அரிசி அட்டைக்கு 1,000 ரூபாய் என்று அறிவித்தார். ஏப்ரல் மாத அரிசி, பருப்பு, சர்க்கரை, எண்ணெயும் இலவசம். டோக்கனில் தேதியும் நேரமும் போட்டு வீடு வீடாகக் கொடுத்துக்கொண்டு வந்தார்கள். எங்கள் வீட்டைத் தாண்டிப் போனவரை அம்மா கூப்பிட்டு, "எங்களுக்கு எங்கப்பா?" என்று கேட்டார். அவர் கையிலிருந்த பட்டியலைப் பார்த்துவிட்டு, "உங்களது சர்க்கரை அட்டைம்மா, இதுக்கு வராது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அது அப்பா காலத்து அட்டை. ரேஷன் அரிசி நமக்கு வேண்டாம், அதற்குப் பதில் சர்க்கரை கூடக் கிடைக்குமே என்று எப்போதோ எடுத்த முடிவு. அதில் கொஞ்சம் கௌரவமும் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஜூன் 24 முதல் மதுரைக்கென்று தனியாக முழு ஊரடங்கு போட்டார்கள். அப்போதும் அரிசி அட்டைக்கு 1,000 ரூபாய் கொடுத்தார்கள். எங்களுக்கு இரண்டாவது முறையும் இல்லை. வருமானத்தைப் பார்த்து அந்தப் பணத்தைக் கொடுக்கவில்லை, அட்டையின் வகையைப் பார்த்துத்தான் கொடுத்தார்கள். எங்கள் தெருவில் இரண்டு மாடி வீட்டுக்காரருக்கு அரிசி அட்டை, அவருக்கு வந்தது. தப்பு என்று சொல்ல மாட்டேன். ஊரே பூட்டிக் கிடக்கும்போது யார் ஏழை என்று கணக்கெடுக்க உட்கார்ந்தால் பணம் வந்து சேர ஆறு மாதம் ஆகும். இருக்கிற பட்டியலை வைத்து உடனே கொடுத்ததுதான் சரி. அந்தப் பட்டியலில் நாங்கள் தப்பான கட்டத்தில் இருந்தோம், அவ்வளவுதான்.

2020 டிசம்பரில் சர்க்கரை அட்டையை அரிசி அட்டையாக மாற்றிக்கொள்ள வாய்ப்புக் கொடுத்தார்கள். மனைவி அன்றைக்கே மொபைலில் விண்ணப்பித்தார். அம்மா மட்டும் "அப்பா இருந்தா ஒத்துக்க மாட்டார்" என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். அடுத்த மாதம் பொங்கலுக்கு 2,500 ரூபாய் வந்தது. 2021 மே 7 அன்று மு.க. ஸ்டாலின் பதவியேற்றதும் போட்ட முதல் கையெழுத்துகளில் ஒன்று அரிசி அட்டைக்கு 4,000 ரூபாய் நிவாரணம். மே மாதம் 2,000, ஜூனில் 2,000, கூடவே 14 பொருள் மளிகைப் பை. கோதுமை மாவு, ரவை, புளி, கடுகு, சீரகம், டீத்தூள், சோப்பு என்று அம்மா அதைத் தரையில் பரப்பி ஒவ்வொன்றாக எண்ணியது இன்னும் கண்ணில் நிற்கிறது. அந்தப் பையில் இருந்த சாமான் அப்படி ஒன்றும் பெரிய தொகைக்கு வராது. ஆனால் அந்த ஜூன் மாதத்தில் மளிகைக் கடை அண்ணாச்சியிடம் பாக்கியை ஏற்றாமல் ஒரு வாரம் ஓட்ட முடிந்தது என்பது பெரிய விஷயம். உங்கள் ரேஷன் அட்டையின் மேல் என்ன எழுத்து அச்சாகியிருக்கிறது என்று எடுத்துப் பாருங்கள். எனக்கு நாற்பத்தைந்து வயது வரை அது தெரியாது.

எங்களிடம் பைண்டிங் பார்க்கும் அக்காவின் கதை வேறு. 2020 மார்ச் 26 அன்று மத்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், பெண்களின் ஜன்தன் கணக்கில் மூன்று மாதத்துக்கு மாதம் 500 ரூபாய் போடப்படும் என்று அறிவித்தார். கூட்டம் சேராமல் இருக்க, கணக்கு எண்ணின் கடைசி இலக்கத்தைப் பார்த்து ஏப்ரல் 3-லிருந்து 9 வரை நாள் பிரித்தார்கள். அக்காவின் கணக்கு 7-ல் முடியும், அவருக்கு ஏப்ரல் 8. காலை ஆறரைக்கே போய் வெயிலில் நின்று, பதினொரு மணிக்குக் கவுண்டரைத் தொட்டால், பணம் வரவில்லை. அது ஜன்தன் கணக்கே இல்லை, கேஸ் மானியத்துக்காக என்றைக்கோ திறந்த சாதாரண சேமிப்புக் கணக்கு. இருப்பு வைக்கத் தேவையில்லாத கணக்கு எல்லாமே ஜன்தன் என்று அக்கா நினைத்திருந்தார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு வந்திருந்தது. ஆனால் அவரும் முண்டியடித்துக்கொண்டுதான் நின்றார், எடுக்காவிட்டால் அரசு பணத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் என்று ஒரு வதந்தி. அப்படி எதுவும் இல்லை என்று அரசே விளக்கம் கொடுத்த பிறகும் வரிசை குறையவில்லை.

எங்கள் சரக்கை ஏற்றும் ஆட்டோக்காரரும் இப்படித்தான் விட்டார். நல வாரியத்தில் பதிந்திருந்த ஆட்டோ ஓட்டுநர்களுக்கு 1,000 ரூபாய் என்று அறிவிப்பு வந்தது. அவர் பதிந்திருந்தார், ஆனால் புதுப்பிக்காமல் விட்டிருந்தார். காலாவதியான அட்டையைப் பர்ஸில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் அலைந்தார்.

என் மனைவி ஒரு தனியார் பள்ளியில் டீச்சர். ஏப்ரலிலிருந்து பாதிச் சம்பளம். பி.எஃப். பணத்திலிருந்து கொரோனா முன்பணம் எடுக்கலாம், திருப்பிக் கட்ட வேண்டாம் என்று விதியைத் தளர்த்தியிருந்தார்கள். இதில் ஒரு நுணுக்கம் இருந்தது. கணக்கில் இருக்கும் தொகையில் 75 சதவீதம் ஒரு பக்கம், மூன்று மாத அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகை இன்னொரு பக்கம். இரண்டில் எது குறைவோ அதைத்தான் கொடுத்தார்கள். மனைவியின் கணக்கில் 1,10,000 இருந்தது. 82,500 வரும் என்று நான் மனக்கணக்குப் போட்டு, அதில் பேப்பர் கடைப் பாக்கியை அடைக்கும் வரைக்கும் போய்விட்டேன். அடிப்படைச் சம்பளம் 9,000, ஆக வந்தது 27,000.

அதுவும் ஜூலையில்தான் வந்தது. காரணம், ஒரு இனிஷியல். பி.எஃப். கணக்கில் அவர் அப்பாவின் இனிஷியல், ஆதாரில் என் இனிஷியல். கல்யாணமான பெண்கள் பாதிப் பேருக்கு நம் ஊரில் இந்தத் தொல்லை இருக்கும். பெயரைத் திருத்தப் பள்ளி ஒப்புதல் கொடுக்க வேண்டும். பள்ளி பூட்டிக் கிடக்கிறது. டிஜிட்டல் கையெழுத்துப் போடும் கருவி கிளார்க்கிடம், கிளார்க் சொந்த ஊரில், ஊருக்கு வர இ-பாஸ் வேண்டும். எல்லாம் முடிந்து, பெயர் ஒத்துப்போன பிறகு விண்ணப்பித்தால் மூன்றே நாளில் பணம் வந்துவிட்டது. மூன்று நாள் வேலைக்கு மூன்று மாதம் காத்திருந்தோம். அதற்குப் பிறகு வீட்டில் எல்லோருடைய ஆதார், பான், பாஸ்புக், பி.எஃப். எல்லாவற்றையும் தரையில் வரிசையாக வைத்து, ஒரே பெயர்தானா, ஒரே பிறந்த தேதிதானா என்று பார்த்தோம். அம்மாவுக்கு மூன்று பிறந்த நாள் இருந்தது.

இப்போது நான் செய்த தப்புக்கு வருகிறேன்.

மார்ச் 27 அன்று ரிசர்வ் வங்கி, மார்ச் 1-லிருந்து மே 31 வரைக்கான கடன் தவணைகளைத் தள்ளிவைக்க வங்கிகளுக்கு அனுமதி கொடுத்தது. மே 22-ல் அதை ஆகஸ்ட் 31 வரை நீட்டித்தது. டிவியில் கீழே ஓடிய செய்தியைப் பார்த்து, "அப்பாடா, இப்போதைக்கு இஎம்ஐ கிடையாது" என்று நானும் மூச்சு விட்டேன். முதல் அடி பைக் கடனில் விழுந்தது. அந்த நிதி நிறுவனத்தில் தவணையைத் தள்ளிவைக்க வேண்டும் என்றால் நாம்தான் எழுதிக் கேட்க வேண்டுமாம். நான் கேட்கவில்லை. தானாகவே நின்றுவிடும் என்று நினைத்து, கணக்கில் இருந்ததையெல்லாம் எடுத்துச் செலவு செய்துவிட்டேன். ஏப்ரல் 5-ஆம் தேதி ஆட்டோ டெபிட் வந்து மோதித் திரும்பியது. திரும்பியதற்கு வங்கி 590, நிதி நிறுவனம் 590. மெஷினுக்கு நான் கடன் வாங்கிய வங்கியிலோ வழக்கம் தலைகீழ். வேண்டாம் என்று சொன்னால்தான் பிடிப்பார்கள், சொல்லாவிட்டால் எல்லோருக்கும் நிறுத்திவைப்பு. ஒரே ரிசர்வ் வங்கி அறிவிப்பு, கடன் கொடுத்த ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு முறை. அறிவிப்பைக் கேட்டதும் அந்தந்த இடத்துக்கு ஒரு மெயிலாவது போட்டிருக்க வேண்டும்.

பெரிய அடி மெஷின் கடனில். மார்ச் மாதம் எனக்கு நிலுவை 6 லட்சம், வட்டி 12 சதவீதம், மாதத் தவணை 16,000. ஆறு மாதம் கட்டவில்லை. கையில் 96,000 மிச்சம் என்று தோன்றியது. ஆனால் தவணைதான் நின்றதே தவிர வட்டி நிற்கவில்லை. ஆறு மாதத்தில் 36,912 ரூபாய் வட்டி அசலில் ஏறி உட்கார்ந்தது. செப்டம்பரில் மறுபடி கட்ட ஆரம்பித்தபோது நிலுவை 6,36,912. தவணைத் தொகையை ஏற்ற வேண்டாம், காலத்தை நீட்டிக்கொள்ளுங்கள் என்றேன். மேனேஜர் கணினியைத் திருப்பிக் காட்டினார். 2024 பிப்ரவரியில் முடிய வேண்டிய கடன் நவம்பருக்குப் போயிருந்தது. மொத்தமாகக் கூட்டினால் ஏறத்தாழ 60,000 ரூபாய் கூடுதல். 96,000-ஐ ஒத்திப்போட 60,000 கூலி!

எனக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும் பக்கத்து அச்சகக்காரர் மூன்று மாதம் மட்டும் நிறுத்திவிட்டு, ஜூனிலிருந்து கடன் வாங்கியாவது கட்டினார். அது சரியா என்றால், அவருக்குச் சரி. எனக்கு அன்றைக்கு நாலு பேருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியிருந்தது. நான் தள்ளிவைத்ததற்கு வருத்தப்படவில்லை. என்ன விலை என்று தெரியாமல் தள்ளிவைத்ததற்குத்தான் வருத்தம். கடனின் ஆரம்பத்தில் இருப்பவர்களுக்கு இந்த விலை அதிகம், முடியப்போகிற கடனுக்குக் குறைவு. இந்த ஒரு வரியை யாராவது அன்றைக்குச் சொல்லியிருந்தால் மெஷின் கடனைக் கட்டிக்கொண்டு, பத்து மாதத்தில் முடியவிருந்த பைக் கடனை நிறுத்தியிருப்பேன். நான் செய்தது நேர் எதிர்.

வட்டிக்கு வட்டி போடுவது நியாயமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அக்டோபர் 2020-ல் மத்திய அரசு, 2 கோடி வரையிலான கடன்களுக்கு அந்த ஆறு மாதத்தில் கூட்டு வட்டிக்கும் தனி வட்டிக்கும் உள்ள வித்தியாசத்தைத் தானே தருவதாக அறிவித்தது. தவணையை நிறுத்தாமல் ஒழுங்காகக் கட்டியவர்களுக்கும் உண்டு. தீபாவளிக்கு முன் எனக்கு வரவு வந்தது, 912 ரூபாய். நாங்கள் எல்லோரும் வட்டியே தள்ளுபடி என்று நினைத்துக்கொண்டிருந்தோம். தள்ளுபடியானது வட்டியின் மேல் ஏறிய வட்டி மட்டும்.

சம்பளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மார்ச் 29 அன்று மத்திய உள்துறை அமைச்சகம், ஊரடங்குக் காலத்துக்கு எல்லா முதலாளிகளும் சம்பளத்தைப் பிடிக்காமல் முழுசாகக் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. மே 18-லிருந்து அது விலக்கிக்கொள்ளப்பட்டது. அந்த உத்தரவை டிசைன் பார்க்கும் தம்பி வாட்ஸ்அப்பில் எனக்கே அனுப்பிவைத்தான், கீழே ஒரு கும்பிடும் போட்டு. நியாயம்தான். ஆனால் முதலாளி எங்கிருந்து கொடுப்பான் என்பது அந்தத் தாளில் இல்லை. பாதிச் சம்பளம் கொடுத்தேன், அதற்கே அம்மாவின் ஆறு பவுன் செயினை அடகு வைத்தேன். நூறு பேர் வரை உள்ள நிறுவனங்களில், பெரும்பாலோர் 15,000-க்குக் கீழ் சம்பளம் வாங்கினால், பி.எஃப். பங்கு 24 சதவீதத்தையும் அரசே கட்டும் என்றார்கள். நல்ல திட்டம். நாலு பேர் பட்டறையில் ஏது பி.எஃப்.?

சிங்கப்பூரில் ஒரு சின்ன நிறுவனத்தில் கணக்கு பார்க்கும் என் மச்சான் அப்போது போனில் சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கிறது. அங்கே ஏப்ரல் மாதத்துக்கு உள்ளூர் ஊழியர் ஒவ்வொருவரின் சம்பளத்திலும் முதல் 4,600 டாலர் வரை 75 சதவீதத்தை அரசே நிறுவனத்துக்குக் கொடுத்தது. விண்ணப்பமே கிடையாது. ஒவ்வொருவருக்கும் மத்திய சேமநிதி கட்டிய கணக்கு அரசிடம் இருக்கிறது, அதைப் பார்த்துப் பணம் தானாக வந்து விழுந்தது. பணக்கார நாடு, கொடுக்கிறார்கள் என்று நான் சொன்னேன். "அதுமட்டும் இல்ல மாப்ள, எவன் எங்க வேலை பார்க்கிறான்னு அவங்ககிட்ட எழுதி இருக்கு" என்றார். எங்கள் அச்சகத்தில் மெஷின் அண்ணன் பதினெட்டு வருஷமாக வேலை பார்க்கிறார். அதற்கு அத்தாட்சி என் கல்லாவில் இருக்கும் ஒரு நாற்பது பக்க நோட்டுதான்.

மே மாதம் 20 லட்சம் கோடி ரூபாய் என்று பிரதமர் அறிவித்த இரவு, மனைவி அதில் எத்தனை சைபர் என்று எண்ணிக்கொண்டிருந்தார். அடுத்த நாள் நிதியமைச்சர் விவரம் சொன்னபோதுதான் எங்களுக்கான பகுதி தெரிந்தது. சிறு தொழில்களுக்கு 3 லட்சம் கோடி, பிணை இல்லாத அவசரக் கடன். நாங்கள் எல்லோரும் 'கோவிட் லோன்' என்றே சொல்வோம். 2020 பிப்ரவரி 29 அன்று உங்களுக்கு வங்கியில் எவ்வளவு கடன் நிலுவையோ அதில் 20 சதவீதம் கூடுதலாகத் தந்தார்கள். அரசு உத்தரவாதம், புதிதாக எதுவும் அடமானம் இல்லை. நாலு வருஷம், முதல் வருஷம் வட்டி மட்டும். வங்கிகள் 9.25 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது என்று விதி இருந்தது.

எனக்கு மெஷின் கடனும் ஓவர் டிராஃப்டும் சேர்ந்து அன்றைக்கு 10 லட்சம். ஆகவே 2 லட்சம். வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்து, நாலு கையெழுத்து, ஜூலையில் பணம் கணக்கில். ஏழரை சதவீத வட்டி. அரசு அறிவித்தவற்றில் சொன்னபடி, சொன்ன வேகத்தில் எனக்கு வந்தது இது ஒன்றுதான். அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

ஆனால் சந்தின் அந்தக் கோடியில் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்யும் பெரியவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. இருபது வருஷமாக வங்கிக் கடன் வாங்காமல், அவசரத்துக்கு நகையை அடகுக் கடையில் வைத்து மீட்டுத் தொழில் செய்தவர். பிப்ரவரி 29 அன்று அவருக்கு வங்கியில் நிலுவை சைபர். சைபரில் 20 சதவீதமும் சைபர். "கடன் இல்லாம இருந்தது தப்பா தம்பி?" என்று அவர் என்னிடம் கேட்டார், கோபமாகக்கூட இல்லை. இன்னொருவர் இரண்டு கடன் வைத்திருந்தும் பிப்ரவரியிலேயே அறுபது நாளுக்கு மேல் பாக்கி விட்டிருந்ததால் அவருக்கும் இல்லை. எல்லாத் திட்டத்துக்கும் இப்படி ஒரு பழைய தேதி இருந்தது. அதன்மேல் ஸ்டிக்கர் ஒட்ட முடியாது.

சரி, அந்த 2 லட்சத்தை என்ன செய்தேன்? சம்பளப் பாக்கி, கடை வாடகை, சிவகாசி பேப்பர்க்காரருக்குக் கொஞ்சம் என்று 90,000 போனது. மீதியில் செயினை மீட்டிருக்க வேண்டும். நானோ 2021 தை, மாசி சீசன் பிரமாதமாக இருக்கும், தள்ளிப்போட்ட கல்யாணமெல்லாம் சேர்ந்து வரும் என்று ரெடிமேட் கார்டு வாங்கி அடுக்கினேன். கல்யாணங்கள் வந்தன. ஆனால் ஐந்நூறு, ஆயிரம் கேட்டவர்கள் ஐம்பது, நூறு கேட்டார்கள். 2020-ல் ஐம்பது பேருக்கு மேல் கூடக் கூடாது என்ற விதியிலேயே ஜனங்களுக்குப் பழக்கம் மாறிவிட்டது. ஊருக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் படம், சாமிக்கும் சம்பந்திக்கும் மட்டும் அச்சடித்த பத்திரிகை. 2021 மே 10-ல் மறுபடி ஊரடங்கு. கார்டு பெட்டிகள் கூரை வரை நின்றன. அடுத்த வருஷம் அந்த டிசைன் யாருக்கும் பிடிக்கவில்லை. ஆகஸ்டில் அசல் கட்டத் தொடங்கியபோது மாதம் 1,250 வட்டியாக இருந்தது 6,200 தவணையாக மாறியது. முதல் வருஷத்தில் அந்த 1,250-ஐப் பார்த்துக் கடன் சின்னதுதான் என்று ஏமாந்துவிட்டேன். அவசரக் கடனை வாங்கினால் ஏற்கனவே இருக்கும் ஓட்டையை அடையுங்கள், புது வியாபாரக் கனவுக்குப் போடாதீர்கள். இதை எனக்கு நானே 70,000 ரூபாய் கொடுத்துக் கற்றுக்கொண்டேன்.

சந்து முனையில் தள்ளுவண்டியில் டீயும் வடையும் போடும் அக்காதான் எங்களில் கெட்டிக்காரி. 2020 ஜூனில் தெருவோர வியாபாரிகளுக்கு 10,000 ரூபாய் கடன் தரும் திட்டம், பிஎம் ஸ்வாநிதி, வந்தது. மார்ச் 24-க்கு முன்பிருந்தே வியாபாரம் செய்தவர்களுக்கு மட்டும். அக்காவிடம் மாநகராட்சி அடையாள அட்டை இல்லை. அட்டை இல்லாதவர்கள் பரிந்துரைக் கடிதம் வாங்கலாம் என்பதை எப்படியோ தெரிந்துகொண்டு, நாலு நடை நடந்து வாங்கினார். கடை இருந்ததற்கு அத்தாட்சியாக நான் அடித்துக் கொடுத்த பழைய விலைப் பலகையையே படமெடுத்துக் காட்டியதாகச் சொல்வார். ஒரு வருஷத்தில் ஒழுங்காகக் கட்டினார். ஒழுங்காகக் கட்டினால் வட்டியில் 7 சதவீதம் அப்போது மானியமாகத் திரும்ப வந்தது, கியூஆர் கோடில் பணம் வாங்கினால் மாதம் 100 ரூபாய் வரை வரவும் இருந்தது. அந்த 100 ரூபாய்க்காகவே நான் பத்து ரூபாய் டீக்கும் போனைத் தட்ட வேண்டும் என்பார். முதல் கடன் முடிந்ததும் 20,000 வாங்கி, வண்டிக்கு மேல் கூரை போட்டார். பத்தாயிரம் சின்னத் தொகைதான். ஆனால் கந்துவட்டிக்காரர் காலையில் அவர் வண்டிப் பக்கம் வருவது நின்றது.

சில்லறை விஷயங்கள் சில. ஜிஎஸ்டி தாக்கலுக்குத் தேதி தள்ளிவைத்தார்களே ஒழிய வரியைத் தள்ளுபடி செய்யவில்லை. அந்தப் பணத்தைத் தொட்டுவிட்டு ஜூன் 30-ல் திண்டாடினேன். 2020 ஊரடங்கில் மின் கணக்கெடுக்க ஆள் வரவில்லை, முந்தைய கணக்குத் தொகையையே கட்டச் சொன்னார்கள். மெஷின் ஓடாத மாதத்துக்கு சீசன் மாத பில்லைக் கட்டினேன், அப்புறம்தான் கழித்தார்கள். 2021 மே மாதம் நாமே மீட்டரைப் படமெடுத்து அனுப்பலாம் என்றார்கள், அப்போது விடவில்லை. 2020 ஜூலையிலிருந்து சிறு தொழில் பதிவுக்கு உத்யம் வந்தது. அது இலவசம். அதற்கு என்னிடம் 800 ரூபாய் வாங்கினார் ஒரு பிரவுசிங் சென்டர்க்காரர், நானும் ரசீதில்லாமல் கொடுத்தேன். இஎம்ஐயை நிறுத்தித் தருகிறோம், ஓடிபி சொல்லுங்கள் என்று வந்த போனை நம்பி எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்ததில் பாதியை இழந்தார். அவருக்குப் பத்திரிகை சும்மா அடித்துக் கொடுத்தோம்.

பைண்டிங் அக்கா இப்போது நல வாரியத்தில் பதிந்திருக்கிறார். புதுப்பிக்க வேண்டிய தேதியை அச்சகச் சுவரில் இருக்கும் தினசரி காலண்டரின் அட்டையில் பேனாவால் எழுதிவைத்திருக்கிறோம். ஆட்டோக்காரரின் தேதியும் அதற்குக் கீழே இருக்கிறது. வருஷா வருஷம் காலண்டரை மாற்றும்போது டிசைன் தம்பி மறக்காமல் பழையதைப் பார்த்துப் புதியதில் எழுதுகிறான்.

கோவிட் லோன் 2024 ஜூலையில் முடிந்தது. மெஷின் கடன், மேனேஜர் காட்டியபடியே, நவம்பரில். கடைசித் தவணை பிடித்ததாகக் குறுஞ்செய்தி வந்தபோது நாங்கள் ஒரு கார்த்திகைக் கல்யாணத்துக்கு இருநூறு பத்திரிகை ஓட்டிக்கொண்டிருந்தோம். மெஷின் அண்ணனிடம் போனைக் காட்டினேன். கையில் மை இருந்ததால் வாங்காமல், கழுத்தை மட்டும் நீட்டிப் படித்தார். "ஒன்பது மாசம் லேட்டு" என்றார். ஓடி முடிந்ததும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் ரோலரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.